வெளியே ஓடிய ஊசி

ஹட்டன்,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இக்னேசியஸ் எழுதிக்கொள்வது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதை அடுப்பில் போட்டுவிடுவாய் என்கிறாள் என்னைக் கட்டிக்கொண்ட மெரினா. போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுப் போடு. போனில் மெசேஜ் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் தபால்காரர் கையால் வருவதைத் தவிர வேறு எதையும் நீ நம்பமாட்டாய். காது கேட்ட காலத்திலேயே நீ அப்படித்தான்.

ஆறு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. இது சமாதானம் பேச எழுதும் கடிதமும் அல்ல. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அது உன் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா செத்த பிறகு பூண்டுலோயா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த கிராமபோன் பெட்டி இத்தனை நாளும் கடைப் பரணில் கிடந்தது. போன மாதம் கூரைத் தகரம் ஒழுகியதால் கீழே இறக்கினேன். இறக்கியவன் சும்மா இருந்திருக்கலாம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டி மலையையே அதிர வைக்கிறவன், அப்பாவின் ஒரு பெட்டியைப் பேச வைக்க முடியாதா என்று ரோஷம் வந்துவிட்டது. ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வட்டமான சவுண்ட் பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே இருந்த மைக்காத் தகடு அன்றைக்கு உடைந்தபடியே இரண்டு துண்டாக இருந்தது. பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த மைக்காவை அளவாக வெட்டிப் போட்டேன். சுற்றிவர சைக்கிள் வால்வு டியூப்பை வைத்து இறுக்கினேன்.

அன்றைக்கு ஹட்டனில் கரண்ட் இல்லை. கடையில் இருந்த அத்தனை ஆம்ப்ளிஃபயரும் செத்துக் கிடந்தன. நான் சாவியைச் சுற்றி, ஒரு தட்டைப் போட்டு, ஊசியை வைத்தேன். அக்கா, ஒரு பெண் பாடினாள். கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை, வயர் இல்லை. தட்டில் ஒரு கோடு, அதன் மேல் ஓர் ஊசி, காகிதம் போல ஒரு தகடு, ஒரு குழல். அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் மூச்சு வாங்கிப் பாடியவள் என் கடைக்குள் நின்று பாடுகிறாள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சத்தத்தை வைத்துப் பிழைக்கிறேன். சத்தம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அந்தத் தட்டை எடுத்தேன். எந்தத் தட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடித்தது. காகித லேபிள் இல்லாமல் நடுவில் எழுத்தைக் கீறியே வைத்திருப்பது. மற்றத் தட்டுகளுக்கு வைத்ததைப் போலவே ஓரத்தில் ஊசியை வைத்துக் கையை எடுத்தேன்.

ஊசி உள்ளே போகவில்லை. வெளியே ஓடியது. தட்டை விட்டு இறங்கிப் பெட்டியின் பலகையில் விழுந்தது. நல்ல காலம், பலகையில் துணி விரித்திருந்தேன். மறுபடி வைத்தேன், மறுபடியும் ஓடியது. மூன்றாம் முறை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு நீ ஊசியை எந்த இடத்தில் வைத்தாய்? அதை மட்டும் எழுது.

உன் தம்பி
இக்னேசியஸ்


ஆனைப்பாறைத் தோட்டம், கீழ்க்கணக்கு,
உடப்புசல்லாவை,
20 பெப்ரவரி 2024

மரியே வாழ்க

இக்னேசியஸுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. இங்கே விறகெல்லாம் ஈரம், உன் கடிதத்தால் அது பற்றப் போவதுமில்லை.

நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, ஊசியை எங்கே வைத்தாய் என்று கேட்கிறாய். அக்கா உயிரோடு இருக்கிறாளா, கால் வீக்கம் வடிந்ததா என்று ஒரு வரி இல்லை. இருக்கட்டும். நீ எப்போதும் மனுஷரைவிடப் பெட்டிகளைத்தான் விசாரிப்பாய்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது நீ செய்ததை நினைத்துப் பார். எனக்குக் காது கேட்காது என்ற தைரியத்தில் "எங்கக்கா கிராமபோன ஒடச்ச கத தெரியுமா?" என்று தொடங்கினாய். "தானா ஓடிருச்சுப்பா, தானா ஓடிருச்சுப்பா" என்று என்னைப் போலவே கையை உதறிக் காட்டினாய். அத்தனை பேரும் சிரித்தார்கள். காது போனால் கண்ணும் போய்விடுமா? உன் உதட்டை நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். என்ன கோபம் என்று அன்றைக்கும் நீ கேட்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஓரத்தில்தான் வைத்தேன். அப்பா வைப்பதை ஆயிரம் தடவை பார்த்தவளுக்கு வேறு இடம் தெரியாது. வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். அது வெளியே ஓடி விழுந்தது. விழுந்த வேகத்தில் மைக்கா உடைந்தது. பங்களாவில் சமையல்காரராக இருந்த அப்பாவுக்கு, தொரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. நம் லயத்து வீடுகளில் மட்டுமல்ல, தோட்டத்திலேயே வேறு யாரிடமும் இல்லாத பெட்டி. அப்பா ஓடிவந்தார்.

"தள்ளினியாடி?"

"இல்லப்பா, தானா ஓடிருச்சு."

"ஊசி தானா ஓடுமா? ஒடச்சதும் இல்லாம பொய் வேற சொல்றியா?"

இடது காதோடு சேர்த்து ஓர் அறை. அந்தக் காதில் ஆறு மாதம் சீழ் வடிந்தது. உடைத்ததற்காக அடித்திருந்தால் அந்தக் கிழமையே மறந்திருப்பேன். பொய் சொன்னதற்காக அடித்தார். அதற்குப் பிறகு வீட்டில் சீனி குறைந்தாலும், முட்டை காணாமல் போனாலும், "அவகிட்ட கேக்காத, தானா ஓடிருச்சும்பா" என்பார். சாகும் வரைக்கும் சொன்னார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, உனக்கு எட்டு. சாவியைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றாய். உன் மூக்குக்கும் தட்டுக்கும் ஒரு சாண்கூட இல்லை. நான் ஊசியைத் தள்ளினேனா, அது தானாக ஓடியதா? நீ பார்த்தாயா, இல்லையா? அதை எழுது. வேறு எதையும் எழுதிச் செவிடன் காதில் சங்கு ஊதாதே.

சிசிலி


ஹட்டன்,
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா?

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தேன். வேறு எதையும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். ஆனால் நான் கண்டுபிடித்ததை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக அளக்கிறேன் என்று நினைப்பாய். ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மணிக்கூடு திருத்துகிற இராமையாவிடம், கண்ணில் இடுக்கிக்கொள்கிற கண்ணாடியை இரவல் வாங்கினேன். சாதாரணத் தட்டு ஒன்றையும் அந்தத் தடித்த தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாதாரணத் தட்டின் கோடு நம் ஹட்டன் ரோட்டைப் போல இடமும் வலமும் வளைந்து வளைந்து போகிறது. ஊசி அந்த வளைவுகளில் பக்கவாட்டில் ஆடுகிறது, அந்த ஆட்டம் மைக்காவைத் தள்ளுகிறது, மைக்கா காற்றைத் தள்ளுகிறது, பாட்டு வருகிறது. தடித்த தட்டின் கோட்டில் வளைவே இல்லை. நேராகப் போகிறது. ஆனால் மேடும் பள்ளமுமாகப் போகிறது. அதன் ஊசி பக்கவாட்டில் ஆடக் கூடாது, ஏறி இறங்க வேண்டும். ஒரு மனுஷக் குரலை வளைவாகவும் எழுதலாம், மேடுபள்ளமாகவும் எழுதலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே! நான் கண்ணாடியை எடுக்காமல் ஒரு மணி நேரம் அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்கள் எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

இன்னொன்று இருக்கிறது. அதுதான் உனக்கு வேண்டியது. ஒரு தீக்குச்சி முனையை அந்தக் கோட்டில் வைத்துத் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். தீக்குச்சி வெளிப்பக்கமாக நகர்ந்தது. போனில் தேடிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் இப்படிப்பட்ட தட்டுகள் செய்திருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவில்தான் ஆரம்பம். ஓரம்தான் முடிவு. ஊசியை நடுவில் வைத்தால் பாடிக்கொண்டே ஓரத்துக்கு வரும். ஓரத்தில் வைத்தால் அதற்குப் போக வேறு இடம் இல்லை. வெளியே ஓடித்தான் ஆக வேண்டும்.

யார் வைத்திருந்தாலும் ஓடியிருக்கும் அக்கா. அப்பா வைத்திருந்தாலும் ஓடியிருக்கும்.

இனி உன் கேள்வி. பார்த்தேன். நீ கையை எடுத்ததைப் பார்த்தேன். உன் கை பாவாடையைப் பிடித்திருந்தபோது ஊசி ஓடியதைப் பார்த்தேன். "அந்தத் தடிச்ச தட்ட போடுக்கா" என்று கெஞ்சியதே நான்தான். அதை நீ இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு, தள்ளினாளா?" என்றார். அவர் கையைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன், தலையை ஆட்டினேன். அப்புறம் அதை நானே நம்பத் தொடங்கினேன். நீ தள்ளியதைப் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பந்தியில் அந்தக் கதையைச் சொன்னபோது நான் பொய் சொல்வதாக எனக்குத் தெரியாது, மாதா மேல் ஆணை. போன மாதம் கடையில் அந்த ஊசி என் கண் முன்னால் வெளியே ஓடியதும்தான், பாவாடையைப் பிடித்திருந்த உன் கை ஞாபகத்துக்குத் திரும்ப வந்தது. மூன்றாம் முறை வைக்கத் தைரியம் வராதது அதனால்தான்.

இதற்கு மேல் எழுத எனக்கு முகம் இல்லை.

இக்னேசியஸ்


ஆனைப்பாறைத் தோட்டம்,
15 மார்ச் 2024

மரியே வாழ்க

தம்பி இக்னேசியஸுக்கு,

உன் கடிதத்தை மாதா சிலை இருக்கிற கெபிக்கு எடுத்துப் போய் அங்கே வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்கப் பயமாக இருந்தது.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை. கெபியின் கல்லில் உட்கார்ந்து, அந்தக் கோட்டைப் பற்றி நீ எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நடுவில் ஆரம்பம், ஓரம் முடிவு. பதினொரு வயதுப் பிள்ளையும் அவள் அப்பனும் மோதிக்கொண்டது எங்கோ சீமையில் ஒருவன் கோடு கீறிய விதத்தால்தானா? நான் பொய் சொல்லவில்லை, அப்பாவும் அவர் அறிவுக்குத் தப்பாகப் பேசவில்லை. அந்தத் தட்டை அவர் ஒரு நாளும் போட்டதில்லை, ஊசி தானாக ஓடுவதைக் கண்டதுமில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் ஒரு தட்டுக்குள் இருந்திருக்கிறது.

உன்னைப் பற்றி இப்போது எதுவும் எழுதமாட்டேன். எட்டு வயதுப் பயலின் தலையாட்டலை மன்னிக்கலாம். ஐம்பது வயதில் பந்தியில் கையை உதறிக் காட்டியதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் காதுக்கு அந்த அறைதான் காரணமா என்று நீ மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாய். அது யாருக்கும் தெரியாது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: இடது செவிப்பறை சின்ன வயதிலேயே கிழிந்தது, வலது செவிப்பறை சளியாலும் சீழாலும் போனது, உள்ளே நரம்பு மட்டும் நன்றாக இருக்கிறது. ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டி என் நெற்றியில் வைத்தார். 'ம்' என்று தலைக்குள் கேட்டது. காது போன இந்தப் பதினான்கு வருஷத்தில் அவ்வளவு கேட்டது அன்றைக்குத்தான். எலும்பில் பொருத்துகிற மெஷினுக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார். நான் போகவில்லை. சத்தத்தோடு எனக்கு அவ்வளவு உறவு இல்லை.

ஆனாலும் ஒன்று தெரிய வேண்டும். அந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது? எந்தப் பாட்டுக்காக அறை வாங்கினேன் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. உன்னிடம் காது இருக்கிறது. கேட்டு எழுது.

சிசிலி


ஹட்டன்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். பெரிய வியாழனிலிருந்து கடை பூட்டு. தட்டோடுதான் இருந்தேன்.

அந்தத் தட்டுக்குக் கூர் ஊசி ஆகாது, கோட்டைக் கீறிவிடும். முனை உருண்டையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நீலக்கல்லை உருட்டி வைத்தார்களாம். நீலக்கல்லுக்கு நான் இரத்தினபுரிக்கா போவது? ஜெல் பேனாவின் முனையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு குட்டி உருண்டை. அது சுழலாதபடி ஒரு சொட்டுப் பசை விட்டு, பேனா முனையை வெட்டிச் சவுண்ட் பாக்ஸில் செருகினேன். சவுண்ட் பாக்ஸைக் கால் வட்டம் திருப்பிக் கட்டினேன், ஏறி இறங்குகிற ஆட்டம் மைக்காவுக்குப் போய்ச் சேர வேண்டுமே. அப்பா சொன்னபடி சாவியைப் பத்துச் சுற்று சுற்றினேன். நடுவில் வைத்தேன்.

அக்கா, அது பாட்டு இல்லை. வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஓர் ஆண் அழுகிறான். மெதுவாக, நெஞ்சுக்குள் இருந்து, விட்டு விட்டு, மூன்று நிமிஷம். இப்படி அழுகிறவனின் முன்னால் குழலை நீட்டி யார் பதிந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மெரினா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் போகவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவன் நெஞ்சைத் திறந்து அழும்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்று தோன்றியது. இதற்காகத்தான் நீ அடி வாங்கினாய். அழுகைக்காக.

இத்தோடு முடிந்திருக்கும். இன்னொன்று நடந்தது. அதை எழுதத்தான் கை பறக்கிறது.

திருகாணியை இறுக்கும்போது இரண்டு கையும் வேலையாக இருந்தால் ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொள்வது என் பழக்கம். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. குனிந்தேன். மரப்பிடி சவுண்ட் பாக்ஸில் முட்டியது. அந்த ஆளின் அழுகை என் தலைக்குள் வந்துவிட்டது! காதுக்குள் இல்லை, தலைக்குள். பயந்து வாயைத் திறந்துவிட்டேன், போய்விட்டது. மறுபடி கடித்தேன், வந்தது. இரண்டு காதையும் விரலால் இறுக்கிப் பொத்திக்கொண்டு கடித்தேன். இன்னும் தெளிவாகக் கேட்டது.

உன் நெற்றியில் வைத்த கவட்டையைப் பற்றி நீ எழுதியிருந்தாயே. அதுவும் இப்படித்தான் எலும்பு வழியாக உள்ளே போயிருக்கிறது. என் கடையில் இருக்கிற எந்த மெஷினிலும் இது நடக்காது. அவற்றில் சத்தம் வயருக்குள் கரண்டாகப் போகிறது. இதில் மட்டும்தான் சத்தம் கையால் தொடக்கூடியதாக இருக்கிறது. தொடக்கூடியதற்குக் காது எதற்கு?

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்றைச் சீவி, மணல் தாள் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா?

இக்னேசியஸ்


ஆனைப்பாறைத் தோட்டம்,
10 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

வா. புது வருஷம் கழிந்து, இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை. நுவரெலியாவில் இறங்கி உடப்புசல்லாவை பஸ்ஸில் ஏறு. குழலை மடியில் வைத்துக்கொள், ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே. கோழி அடித்து வைக்கிறேன்.

வந்ததும் பேசத் தொடங்காதே. முதலில் தட்டு.

சிசிலி


ஆனைப்பாறைத் தோட்டம்,
29 ஏப்ரல் 2024

மரியே வாழ்க

அன்புள்ள தம்பி இக்னேசியஸுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். சனிக்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாய். எனக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. பஸ் வரும்வரை நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கேட்டதெல்லாம் வெளியே போய்விடும் போல இருந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

வாசல் இஸ்தோப்பில் மேசையைப் போட்டுப் பெட்டியை வைத்தாய். குச்சியின் ஒரு முனையைச் சவுண்ட் பாக்ஸில் தொட்டு, மறுமுனையை என் வாயில் வைத்தாய். நான் கடித்தேன். முதலில் பல் கூசியது. அப்புறம் தாடையில் எறும்பு ஊர்வது போல ஓர் அரிப்பு. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது அவன் வந்தான்.

எங்கே வந்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இடது பக்கம் இல்லை, வலது பக்கம் இல்லை. நடுவில். நான் ஜெபம் சொல்லுகிற இடத்தில். பதினான்கு வருஷமாக அந்த இடத்தில் என் குரலைத் தவிர வேறு ஒரு குரலும் வந்ததில்லை. என் மகன் கல்யாணத்தில் கோயில் மணி வரவில்லை. அப்பா சாகும்போது கடைசியாக ஏதோ சொன்னார், அது வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எந்தத் தேசமோ, எலும்புகூட மிஞ்சியிருக்காத ஒருவன், ஒரு தேயிலைக் குச்சியில் ஏறி உள்ளே வந்துவிட்டான். ஆண்டவரே என்று கும்பிட்டேன். மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை போடச் சொன்னேன். அழுகிறான், சரிதான். ஆனால் எனக்கு ஏதோ இடித்தது.

பிள்ளைக் காம்பராவில் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். தாய்மார் கொழுந்து எடுக்கப் போனால் எல்லாம் என் தோளில்தான். காது மங்கத் தொடங்கியதும், வேலை போய்விடுமே என்ற பயத்தில் பிள்ளையின் முதுகில் கையை வைத்துப் பழகினேன். அழுகிற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் துடிக்கும். சிரிக்கிற பிள்ளை மூச்சை வெளியே விடும்போது துடிக்கும். கை பொய் சொல்லாது. அந்த ஆள் வெளியே விடும்போதுதான் துடித்தான்.

அதனால்தான் எழுந்து சாவியைப் பிடித்தேன். நீ பாய்ந்து வந்தாய். "அக்கா, பத்துக்கு மேல சுத்தாத, ஸ்பிரிங் போயிரும், அப்பா சொன்னாருல்ல?" என்று உன் வாய் சொன்னது. ஐம்பத்தாறு வயதில், ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்தவருக்குப் பயப்படுகிறாய். நான் முப்பது சுற்று சுற்றினேன். தட்டுக்குக் கீழே இருக்கிற வேகத் திருகையும் கடைசிவரை திருப்பினேன். உட்கார்ந்து குச்சியைக் கடித்தேன்.

சிரிக்கிறான்! அழவே இல்லை, சிரிக்கிறான்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடக்கப் பார்த்து முடியாமல், மூச்சு வாங்கி மறுபடியும் தொடங்கி, தட்டு முடியும்வரை சிரிப்பு. தட்டு சோம்பேறியாகச் சுற்றியதால் நீ அதை அழுகையாகக் கேட்டிருக்கிறாய். காது இருந்தும் என்ன பயன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், குச்சி நழுவிவிட்டது.

அதற்குப் பிறகு பட்ட பாட்டை நீ பார்த்தாய். அவன் சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் பல் விடுகிறது. பல் விட்டால் அவன் போய்விடுகிறான். கடிக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. நீ குச்சி இல்லாமலே கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாய். நாலாம் முறைதான் கடைவாயில் இறுக்கிக் கடித்து, கண்ணில் தண்ணீர் வழிய, கடைசிவரை கேட்டேன். ஒருவனை இப்படிச் சிரிக்கவைத்து, அதை மேடும் பள்ளமுமாகக் கீறி, கப்பலில் ஏற்றி, மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நம் வீட்டில் நாற்பத்தெட்டு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோம்.

சிரிப்பு முடிந்ததும் ஊசி ஓரத்துக்கு வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தானாக வெளியே ஓடியது. நீ கையை நீட்டி, பலகையில் விழாமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாய். நீ அதை நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக "மன்னிச்சிட்டியாக்கா?" என்று கேட்டாய். உன் உதட்டைப் படித்தேன். தெரியாதவள் போல மலையைப் பார்த்தேன்.

காரணம் சொல்கிறேன். நீ "பார்த்தேன்" என்று எழுதியதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. காகிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. ஆனால் படித்தது கண். அந்தப் பதினொரு வயதுக்காரி காத்திருந்தது எழுத்துக்கு இல்லை. அப்பா கையை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிறவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தாள். அது இன்னும் வரவில்லை.

நேற்று, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பிரியந்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நீ விட்டுப்போன குச்சியின் ஒரு முனையை நான் கடித்தேன், மறுமுனையை அவளைக் கடிக்கச் சொன்னேன். ஏதாவது சொல்லு என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே, பல்லைக் கடித்தபடி "சிசிலியக்கா" என்றாள். கொஞ்சம் குழறியது. ஆனால் கேட்டது இக்னேசியஸ். தலைக்குள், நடுவில், அவள் குரலாகவே கேட்டது. பெட்டியும் வேண்டாம், தட்டும் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். மெரினாவையும் கூட்டிக்கொண்டு வா, அவள் கண் முன்னால் இது நடக்கட்டும். அக்கா தள்ளவில்லை, தானாக ஓடியது, நான் பார்த்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நீ கேட்டதற்கு அப்புறம் பதில் சொல்கிறேன்.

வரும்போது வெற்றிலை போடாமல் வா. ஒரே குச்சியை இரண்டு பேரும் கடிக்க வேண்டும்.

உன் அக்கா
சிசிலி